நம்பர் டூ

அப்பா ஜப்பான்காரன் காலத்துச் சண்டையில் துப்பாக்கி பிடித்தவர் என்பது சிராங்கூன் ரோட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் மாவு மில் நடத்திய விதமே சொல்லிவிடும். மிளகாய் அரைக்க வரும் பெண்கள் பிஸ்கட் டின்களோடு கடை முன் அஞ்சடி நடைபாதையில் ஒரே வரிசையாக நிற்க வேண்டும். வரிசை கோணினால் உள்ளேயிருந்து ஓர் அதட்டல் வரும். மலாய்க்கார அம்மாக்கள் விறைப்பாக நின்று சலாம் வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். பர்மா எல்லையிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி, வாடகை மிஷின் ஒன்றை வைத்து ஆரம்பித்து, பிறகு மூன்று மிஷின், பாக்கெட் மசாலா என்று தொழிலை வளர்த்து, தொண்ணூறு தாண்டியும் நெஞ்சை நிமிர்த்தியபடி கடைக்கு வந்து உட்கார்ந்த மனிதர் அவர். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மிஷின் இருந்த காலத்தை. அப்போது எனக்கு ஒன்பது வயது. எந்நேரமும் வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

காரணம் அத்தை மகன். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன அவருடைய அப்பா திரும்பவில்லை. அத்தையும் காய்ச்சலில் போய்விட்டதால் அத்தான் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். இதற்கெல்லாம் இரக்கப்பட்டிருக்க வேண்டும்தான். ஆனால் மில்லில் அப்பாவின் இடது பக்கம் நிற்கிறவர்மீது எனக்கு எங்கிருந்து இரக்கம் வரும்?

மிஷினை ஓட்டுவதும் கீழே கொட்டும் தூளைத் தொட்டுப் பார்ப்பதும் அப்பா வேலை. அவருக்கு இடது பக்கம், மோட்டார் பெல்ட்டை ஒட்டி, ஒரு மரப்பெட்டி கிடக்கும். அதன்மேல் ஏறி நின்று மிஷினின் வாயில் மிளகாயை அள்ளி அள்ளிப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அப்பா வைத்த பெயர் நம்பர் டூ.

"நம்பர் டூ!" என்பார் அப்பா.

"ரெடி, மாமா!" என்பார் அத்தான்.

உடனே மிஷின் உறுமும். இருவரும் ஒரே சமயத்தில் தும்முவார்கள், ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். நானோ வாசலில் உட்கார்ந்து டின்களில் சாக்குக்கட்டியால் பெயர் எழுதிக்கொண்டிருப்பேன். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் நான். வீட்டில் இரண்டாவது இடத்துக்கு ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? நானும் வருகிறேன் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டேன். அப்பா காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டார்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அத்தானுக்குப் பல்வலி வந்தது. அம்மா அவரைப் பல் பிடுங்கக் கூட்டிப்போனார். வாசலில் டின் வரிசை தெருமுனை வரை நின்றது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்பா குனிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மரப்பெட்டிமேல் ஏறினேன். மிஷின் ஓடத் தொடங்கியதும், "நம்பர் டூ ரெடி!" என்று கத்தினேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மோட்டாரை நிறுத்தினார். என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பெட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம்.

"உன்னை யாரு இங்க ஏறச் சொன்னது? இனி இந்தப் பக்கம் கால் வச்சே, காலை முறிச்சிருவேன். போ வாசலுக்கு!"

வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது. மானம் போயிற்று. அதன்பின் அப்பா தானே அள்ளிப் போட்டு, தானே கீழே ஓடித் தூளைப் பார்த்து, ஒற்றை ஆளாகத் திண்டாடினார். அந்தப் பாடு பட்டாலும் படுவாராம், என்னை மட்டும் சேர்த்துக்கொள்ள மாட்டாராம். மதியம் அத்தான் வீங்கிய கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்தார். அப்பா ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவரைப் பெட்டிமேல் ஏற்றிவிட்டார். பஞ்சுக்கு நடுவிலிருந்து "ரெஜி, மாமா" என்று குரல் வந்தது. எனக்கு அவருடைய மற்றப் பற்களையும் பிடுங்கிவிடலாம் போலிருந்தது.

சாயங்காலம், ஜொகூரிலிருந்து அப்பாவின் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவர் வந்தார். குண்டுச் சத்தத்தில் காது மந்தமாகிப்போனவர். அவர் ரகசியம் பேசினாலே நாலு கடைக்குக் கேட்கும். மிஷின் நின்றதும் பெட்டிமேல் நின்ற அத்தானைக் காட்டி, "உங்க மகனாண்ணே?" என்றார்.

"இல்லப்பா. அக்கா மகன். இவன்தான் என் நம்பர் டூ."

வந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதானே பார்த்தேன்! பெத்த பிள்ளைய அங்க நிறுத்த உங்களுக்கு மனசு வராதேண்ணே!" பிறகு எங்கள் இருவர் பக்கமும் திரும்பினார். "மிஷின்கன்ல சுடுறவன் நம்பர் ஒன். அது இவரு. இடது பக்கம் படுத்துத் தோட்டா ஊட்டுறவன் நம்பர் டூ. ஊட்டணும்னா தலையைத் தூக்கணும் லா. தூக்கினா முதல் குண்டு அவனுக்குத்தான். இவருகிட்ட நம்பர் டூவா இருந்தவன் ஒருத்தன்கூடத் திரும்பி வரல."

அப்பா துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மிஷினை மறுபடியும் துடைத்தார். அத்தானை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குக் காதில் புகை வந்தது. நாட்டுக்காக உயிரைக் கொடுத்த வீரர்களின் இடமா அது! பள்ளியில் அப்படிப்பட்டவர்களுக்குத்தானே எழுந்து நின்று மௌனம் காப்போம்? அந்தப் பெருமையும் அத்தானுக்கா? பெற்ற பிள்ளைக்கு இல்லை என்று வந்தவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அப்பாவும் மறுக்கவில்லையே!

பிறகு வந்த டின்னுக்கு அப்பா "நம்பர் டூ" என்று கூப்பிடவில்லை. "டேய், போடுடா" என்றார், அதுவும் மெதுவாக. அத்தான் "ரெடி" சொல்லாமல் அள்ளிப் போட்டார்.

கடை கட்டியபின் பின்பக்கக் குழாயடியில் அத்தான் கை கழுவிக்கொண்டிருந்தார். போட்டுத் தாக்கிவிடுவது என்று போய் நின்றேன். அவரே முந்திக்கொண்டார்.

"உனக்கென்ன லா. நீ பெத்த மக."

"ரொம்பத்தான் பீத்திக்காதீங்க அத்தான்! நம்பர் டூ நீங்கதானே?"

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு மிக நன்றாகத் தெரிந்த பார்வை. வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் அவரைப் பார்த்த பார்வைதான் அது. எல்லாம் கிடைத்த மனிதர் அதை ஏன் என்மேல் திருப்புகிறார் என்று அன்று எனக்குப் புரியவில்லை.