எஃகுக்குள் பட்டாம்பூச்சிகள்

பேரிங் தொழிற்சாலையின் சோதனை அறையில் அவரை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதக்கணக்கில் சுமையோடு சுற்றவிட்ட பேரிங்கை வெட்டி, கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்த்து, நீர்த்த அமிலத்தால் துடைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. பதினேழு வருடமாக அதேதான். எஃகுக்குள் எட்டிப் பார்த்தால் அக்காவுக்கு வெளியுலகம் மறந்துபோகும். சாம்பல் நிற வயல்கள், மெல்லிய வரப்புகள், அசையாத மேகங்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

அன்று மழை. ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பேரிங்கை நிறுத்தச் சொன்னார். சூப்பர்வைசருக்கு மனமில்லை.

"பூனை மாதிரி சத்தமில்லாம ஓடுதேக்கா. அத எதுக்கு அறுக்கணும்?"

"பாதியில ஒண்ண வெட்டிப் பாக்கணும்னு நீங்கதானே சார் எழுதி வச்சீங்க? சத்தம் வந்தப்புறம்தான் பாக்கணும்னா நான் எதுக்கு? காது இருந்தா போதுமே."

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்.

வளையத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வெட்டிய முகத்தில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தூசியைவிடச் சிறிய ஓர் அழுக்குத் துணுக்கு. அதன் இரு பக்கமும் வெள்ளைச் சிறகுகள். உருளைகள் கோடிக்கணக்கான முறை அதே இடத்தை அழுத்தி அழுத்திப் போனதில் எஃகின் உள்ளமைப்பே மாறி வெளுத்திருந்தது. சிறகோரமாக மயிரிழை போல ஒரு விரிசல் மேல்நோக்கிக் கிளம்பியிருந்தது. எண்ணிப் பார்த்தால் இதுபோல ஒன்பது பட்டாம்பூச்சிகள். அழகாகத்தான் இருந்தன. விரிசல் மேலே எட்டினால் பேரிங் உடையும். தேநீர் ஆறி ஆடை கட்டியதுகூடத் தெரியாமல் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சூப்பர்வைசரும் குனிந்து பார்த்தார்.

"இந்த லாட் மலைக்குப் போற ரோப் காருக்குத்தான்க்கா" என்றார்.

அந்த லாட்டின் அத்தனை பேரிங்கும் அனுப்பப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டன. எஃகை உருக்கும்போதே அழுக்கு கலந்திருந்தது பிறகு உறுதியானது. ரோப் கார் திறப்பு நான்கு மாதம் தள்ளிப்போனது.

அக்காவின் கணவருக்குத்தான் தாங்கவில்லை. கூட்டிப்போவதாகப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். செய்தி வந்த பேப்பரை மடித்து வீசினார்.

"எவனோ மண்ணள்ளிப் போட்டுட்டான் பாரு!"

"எவனோ இல்லங்க. நான்தான்."

நடந்ததை முழுக்கக் கேட்டவர் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார். "மெதுவாவே தெறக்கட்டும்" என்றார்.

சின்னவள் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். "அந்தப் பட்டாம்பூச்சி பறக்குமாம்மா?"

"பறக்காதுடி. ஒரே எடத்துல இருந்துக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா சிறக விரிக்கும்."

"வலிக்குமா?"

இத்தனை வருடத்தில் அதை யாருமே அக்காவிடம் கேட்டதில்லை.