சோளம் கவ்விய நாய்

சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் நான் வீட்டுப் பராமரிப்புக்குப் போய்வந்த மதாமுக்கு எண்பத்தேழு வயது. அவரைக் குளிப்பாட்டுவது, சூப் சுடவைத்துக் கொடுப்பது, தூசு தட்டுவது என் வேலை. வரவேற்பறை அலுமாரியில் ஒரு சிவந்த சுடுமண் நாய் இருந்தது. தேங்காய் அளவுதான், கொழுத்த வயிறு, குட்டைக் கால், வாயில் ஒரு சோளப்பொத்தி. பார்த்ததும் எனக்கு நாயை வாகனமாகக் கொண்ட வைரவர் ஞாபகம் வந்துவிட்டது. தூசு தட்டும் சாட்டில் தொட்டுக் கும்பிட்டேன். மதாம் அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அவரே கதையைச் சொன்னார். மெக்சிக்கோவின் மேற்குப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் செய்ததாம். அங்கே கிணறுபோல ஆழமாகத் தோண்டி, அடியில் அறை வெட்டி இறந்தவர்களை வைப்பார்களாம். பக்கத்தில் இப்படி மண் உருவங்கள். நாய் செத்தவருக்கு வழிகாட்டும் என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள். சோளம் வழிச் சாப்பாடாக இருக்கலாம். நான் எங்கள் வாய்க்கரிசியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியென்றால் உனக்கு விளங்கும்," என்றார். அவருடைய கணவர் அங்கே எஞ்சினியராக இருந்தபோது வாங்கியது. யாரோ ஒருவரின் புதைகுழியைக் கிண்டி எடுத்தது என்று பின்னர்தான் மதாமுக்குத் தெரிந்ததாம். "யாருடையது என்று தெரியாது, திருப்பிக் கொடுக்க. மண்ணுக்குள்ளாவது போகட்டும். நான் செத்ததும் என் சவப்பெட்டிக்குள் நீ வைத்துவிடு." அவர் கையைப் பிடித்துச் சரி என்றேன்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் பாய்ந்தார். "உனக்கென்ன விசரோ? சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறம். நாயைக் காணேல்லை எண்டா முதல்ல ஆரைக் கேப்பாங்கள்?" அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பு நான் வேலை செய்த வீட்டில், எடுக்கிறேனா என்று பார்ப்பதற்காகவே குளியலறையில் மோதிரத்தைக் கழற்றி வைப்பார்கள்.

2014 மாசியில் மதாம் இறந்தார். உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பெட்டி திறந்திருந்தது. பக்கத்துக் கதிரையில் அந்த நாய். அவருடைய மகள் என்னை உள்ளே விட்டு, "எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். சோதிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மதாமின் நெற்றியைத் தொட்டேன். நாயின் பக்கம் திரும்பவேயில்லை. கால்மணி நேரத்தில் மகள் வந்தார். கதிரையைப் பார்த்தார். நாயைத் துணியில் சுற்றி எடுத்தார். பெட்டியை மூடினார்கள்.

அடுத்த வருடம் பாஸ்போர்ட் கிடைத்தது. எல்லோரும் கேக் வெட்டினார்கள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து பஸ்ஸில் அந்த மகளைக் கண்டேன். நாயை ஒரு மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். "உங்கள் கையால்தான் வைக்கவேண்டும் என்று அம்மா எழுதி வைத்திருந்தார். அதனால்தான் உங்களைத் தனியே விட்டேன்," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்கள் சமயம் அதற்கு இடம் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

என்னைக் கள்ளியாக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன் என எந்த வாயால் சொல்வது? ஓம் என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்து, தெரியாமல் உங்களைக் கஷ்டப்படுத்திவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.