ஐந்தாவது கட்டம்

கல்லூரி மாணவர்கள் ஏன் இணையத்தில் பாடம் படிக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அதுதான் எம்.பி.ஏ.வில் எனக்குக் கொடுத்த வேலை. கேள்வித்தாளோடு பெங்களூரு பிரேசர் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனபோது அந்த அக்காவைப் பார்த்தேன். மாலைக் கல்லூரியில் பி.காம். படிப்பவர்; முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் வைத்த மல்லிகை நசுங்கக் கூடாதென்று ஹெட்போனின் பட்டை மோவாய்க்குக் கீழே வரும்படி காதில் மாட்டியிருந்தார். திரையில் இருந்த ஆசிரியர் புரிகிறதா என்று கேட்கும்போதெல்லாம் "இல்ல சார்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வீடியோவைப் பின்னுக்கு இழுத்தார்.

தாளை நீட்டினேன். சான்றிதழ், வேலை, நேர வசதி, குறைந்த செலவு என்று நாலு கட்டம். ஒன்றில் டிக் செய்ய வேண்டும்.

"என் காரணம் இதுல இல்லியே தம்பி."

"என்ன காரணம்க்கா?"

"காலேஜ்ல ரெண்டாவது வாட்டி டவுட் கேட்டா லெக்சரர் மூஞ்சியே மாறிடுது. அப்புறம் கேக்கவே பயம். இந்த சார் இப்ப ஏழாவது வாட்டி சொல்றாரு. பாரு, அதே சிரிப்பு!"

"அத எங்கக்கா டிக் பண்றது?"

"ஸ்வல்ப இரு" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, என் பேனாவை வாங்கி, ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அதில் டிக் செய்தார்.

என் பேராசிரியர் அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து, "இது செல்லாதே" என்றார். நடந்ததைச் சொன்னேன். தாளைக் கீழே வைத்துவிட்டு, "என் மூஞ்சியும் மாறுதாப்பா?" என்று கேட்டார்.

அவரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்கள் எனக்கும் இரண்டு மாதமாக அப்படியே கிடந்தன. அந்த அக்காவை நினைத்தால் பொறாமையாக இருந்தது.