ஒரு தலை கூடுதல்

இது கட்டுக்கதை இல்லை. பத்மநாதன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரிந்திருந்தால் லண்டனில் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார். 1991 நவம்பரில் நடந்தது நடந்தபடியே இது.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் கணக்கு வாத்தியார். இங்கே ஒரு மியூசியத்தில் காவல்காரர், அதுவும் மூன்று மாதத் தற்காலிக வேலை. சீனத்து அரசன் ஒருவனின் கல்லறையில் தோண்டியெடுத்த மண் பொம்மைகளை ஓர் அறையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் கைகட்டி நிற்கும் பணிப்பெண்கள். அறைக்கு ஒரே கதவு. வாசலில் நின்று ஆட்களை எண்ணுவது பத்மநாதனின் வேலை. ஆளுக்கொரு தடவை 'டிக்' என்று அழுத்தி எண்ணும் கிளிக்கர் கைக்கு ஒன்று. வலது கைக் கிளிக்கரில் உள்ளே போகிறவர்கள், இடது கைக் கிளிக்கரில் வெளியே வருகிறவர்கள். ஐந்து மணிக்கு இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒழுங்காக எண்ணினால் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் 187, 187. சந்தோஷத்தில் பொம்மைகளைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று ஊர் வழக்கில் 'போய் வருகிறேன்' சொல்லிவிட்டுப் பூட்டினார். பிறகு தினமும் அதுவே வழக்கமாகிவிட்டது.

இரண்டாம் நாள் உள்ளே 212. வெளியே 213.

"உள்ளே போகாத ஆள் எப்படி வெளியே வரும்?" என்று மேலதிகாரி பிரைஸ் சிரித்தார். மறுநாளும் ஒன்று கூடுதல். அதற்கு மறுநாளும். பிரைஸின் சிரிப்பு நின்றது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதாம்!

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் எரிச்சல்தான். தன் நிறுத்தமான ஸ்ட்ரெதத்தில் அவர் இறங்கிய பிறகும் கண்டக்டர் பஸ்ஸை எடுக்க மணி அடிக்கவில்லை. வெறும் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கணக்கு பிசகிய ஒன்பதாவது தடவை அது. மாலை 4:58. அறையில் யாரும் இல்லை. எண்கள் சரி. இனி விரலே படக்கூடாது என்று இடது கைக் கிளிக்கரைத் தான் உட்காரும் கதிரையில் வைத்தார்.

'டிக்.'

முழங்கையை உரசிக்கொண்டு குளிர் போனது. ஈர மண் வாசம்…

அன்று வீட்டில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மனைவி தவநாயகி எல்லாவற்றையும் கேட்டாள்.

"கதவைப் பூட்டேக்கை என்ன செய்யிறனீங்கள்?"

"என்னத்தைச் செய்யிறது? போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் பூட்டுறன்."

அகப்பையை வைத்துவிட்டாள்.

"சவக்குழிச் சாமான்களிட்டையோ? செத்தவீட்டிலை ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமே? சொல்லாமல் எழும்பி வாறதெல்லோ வழமை! உங்களுக்கென்ன விசரே?"

மறுநாள் வாய் திறக்காமல் பூட்டினார். கணக்கு ஒத்துவந்தது. கண்காட்சியின் கடைசி நாள் வரை ஒத்துவந்தது. நிரந்தர வேலைக் கடிதமும் கிடைத்தது. பிரைஸ் கைகுலுக்கினார்.

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிய அன்றுதான், சுவரிலிருந்து கழற்றிய விளக்கப் பலகையை அவர் முதன்முறையாக வாசித்தார். இத்தனை நாளும் அதற்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கிறார்.

'அரசனோடு அவனுடைய பணிப்பெண்கள் ஒன்பது பேரும் உயிரோடு புதைக்கப்பட்டார்கள்.'

ஒன்பது பேர்.

ஒன்பது மாலைகள்.

அன்று 6:20க்கு ஸ்ட்ரெதத்தில் இறங்கினார். மழை. பஸ் நகரவில்லை.

"ஏன் நிற்கிறீர்கள்?" என்று கத்தினார்.

"பின்னால் வருகிறவர்கள் இறங்கட்டும் சார்" என்றார் கண்டக்டர்.

படியில் யாரும் இல்லை.

பத்மநாதன் எண்ணினார்.

ஒன்று… இரண்டு… மூன்று…

ஒன்பது என்றதும் கண்டக்டர் மணி அடித்தார்.