சூளை வெடித்ததற்கு எஸ்தர் காரணமில்லை

காலை ஆறு இருபதுக்குக் கடலூரில் பஸ் ஏறினேன். விருத்தாசலம் அறுபது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். நெய்வேலி தாண்டியும் மழை விடவில்லை. தங்கை எஸ்தரின் வேலை போகாமல் காப்பாற்றத்தான் இந்தப் பயணம். அதாவது, கொஞ்சம் வளைந்து கொடு என்று அவளிடம் சொல்வதற்கு.

எட்டரைக்கு இறங்கி, எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்துச் செராமிக் தொழிற்பேட்டைக்குப் போனேன். ரோட்டோரத்தில் வெள்ளைக் களிமண் மழையில் கரைந்து மோர் கொட்டியதுபோல் ஓடியது.

எஸ்தர் அங்கே ஒரு சிறிய பட்டறையில் பதினோரு வருஷமாக அச்சில் பொம்மை வார்க்கிறாள். சூளை மூட்டும் முன் கற்பூரம் காட்டி எல்லாரும் குங்குமம் வைத்துக்கொள்வார்கள். அவள் மட்டும் ஓரமாக நின்று ஜெபம் பண்ணிக்கொள்வாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன வாரம் சூளைக்குள் பாதிப் பொம்மைகள் வெடித்துவிட்டன. உடனே எல்லாருக்கும் எஸ்தர் ஞாபகம் வந்துவிட்டது.

உண்மையான காரணம் ஈரம். மழையில் பொம்மைகள் காயவில்லை, இரண்டு நாள் போகட்டும் என்று எஸ்தரே சொல்லியிருக்கிறாள். ஆர்டர் அவசரம் என்று முதலாளி சூளையில் அடுக்கச் சொல்லிவிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு டீ வரவழைத்தார்.

"ஈரந்தாங்க, எனக்குத் தெரியாதா? ஆனா ஆளுங்க சூளைகிட்ட வரமாட்டேங்குறாங்க. உங்க தங்கச்சி ஒரு கற்பூரம் ஏத்தி, எம்மேலதான் தப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சிபோச்சு."

எனக்கும் அது சரியென்றே பட்டது. பட்டறைக்குப் பின்னால் அவளை அழைத்துப் போய்ச் சொன்னேன். புருஷன் இல்லாத வீடு, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், கர்த்தர் மனசைத்தானே பார்க்கிறார் என்றெல்லாம். கர்த்தரையே சாட்சிக்கு இழுத்தேன். நாக்குக் கூசவில்லை.

கையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"கும்புடறவங்கள நான் ஒண்ணும் சொல்லலண்ணே. ஈரத்துல வெடிச்சத என்னால வெடிச்சதுன்னு சொல்லச் சொல்றாங்க. அதச் சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சர்ச்சுக்குப் போவேன்?"

பத்து மணிக்கு வேலை போயிற்று. யாரும் சத்தம் போடவில்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் தலை நிமிராமல் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இரண்டு பட்டறைகளில் கேட்டுப் பார்த்தோம். எங்களுக்கு முன்னாலேயே செய்தி அங்கே போய்விட்டிருந்தது. இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டில் நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர். நகர்ந்து இடம் கொடுத்து, கோயிலுக்கு வந்தீங்களா என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றேன்.

தரிசனம் நல்லபடி கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றேன்.

தங்கச்சியைப் பார்க்க வந்தேன், நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த நல்ல மனிதர் என்னை என்ன செய்திருப்பார்? ஒன்றும் செய்திருக்க மாட்டார். எஸ்தர் சோற்றை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னாள். நான் எதுவும் பறிபோகாத இடத்தில் பொய் சொன்னேன். நெய்வேலி வரும்வரை அவர் கோயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன்.