சரசு நிற்கும் இடம்

திண்டுக்கல் ஸ்டேஷன். பழனி வண்டி வர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்கிறார்கள். சாயங்காலம் பழனியில் எங்கள் புது நாட்டியம். வயலின்காரருக்கும் எனக்கும் சண்டை இன்னும் தீரவில்லை. சரணத்தில் நாலு வரிக்கு சரசு அசையாமல் நிற்க வேண்டும் என்று அமைத்தவள் நான். "நான் உயிரைக் கொடுத்து வாசிக்கறேன், அவ மரமா நிக்கறா. இதுக்குப் பேர் டான்ஸா?" என்கிறார் அவர்.

பிளாட்பாரத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுகிறோம். தோடி எழுகிறது. சலங்கை குலுங்க ஆடி வந்த சரசு சட்டென்று நிற்கிறாள். மல்லிகைக் கூடையில் சாய்ந்திருந்த ஆத்தூர்ப் பூக்காரம்மா நிமிர்ந்து உட்காருகிறாள்.

முடிந்ததும் அவளிடமே கேட்கிறேன்: "எப்படிம்மா இருந்தது?"

"ஆடுறப்ப அந்தப் புள்ள காலையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். செத்த நேரம் நின்னுச்சு பாருங்க, அப்பத்தான் அய்யா வாசிச்சது காதுல விழுந்துச்சு. அம்புட்டு நல்லா இருந்துச்சு."

வயலின்காரர் வில்லை மெதுவாகத் துடைக்கிறார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பல்லவிக்கும் நிக்கட்டுமே. அனுபல்லவிக்குந்தான் என்ன குறைச்சல்?" என்கிறார்.

சரசு குனிந்து சலங்கையை இன்னும் இறுக்கிக் கட்டுகிறாள்.