இரண்டு அங்குலம் விட்டு வாங்கிய படகு

முதலில் அவள் வென்றவை. பள்ளிக்கூடத்தில் மொத்தம் பதினாறு நாள் உட்கார்ந்தவள், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு மேற்பார்வையாளர் ஆனாள். தண்ணீரைக் கண்டால் படியிலேயே நின்றுவிடுகிறவள், நாற்பத்து மூன்றாம் வயதில் நீச்சல் பழகி, குளத்தின் நீளத்தை நிற்காமல் நான்கு முறை கடந்தாள். ஏரிப் படகுக் கழகத்தின் பந்தயத்தில், நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் மூன்றாவதாக வந்தாள். மூன்று பேர் கலந்துகொண்டு மூன்றாவது அல்ல, பதினொரு பேர். இதையெல்லாம் அவள் அண்ணன் கேட்பவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறப்பதில்லை. அவை வீணானது அவரால்.

அண்ணன் தையற்காரர். கடைத்தெருவில் ஒரு மாடி அறை, ஜன்னலோரம் வெட்டும் மேசை, இரண்டு தையல் மெஷின், கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா. எதையும் மூன்று தடவை அளக்காமல் கத்தரிக்கோலை எடுக்கமாட்டார். அவர் தைத்த எதைப் பிரித்தாலும் உள்ளே இரண்டு அங்குலத் துணி மடிந்து கிடக்கும். உடம்பு இப்படியே இருந்துவிடுமா, பிரித்துவிட இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி. தங்கைக்கு என்றால் இன்னும் ஓர் அங்குலம் கூட. அவளுடைய சட்டைகள் எப்போதும் தோளில் கொஞ்சம் இறங்கியே இருக்கும். அவள் குறை சொன்னதில்லை.

அம்மா படுத்த படுக்கையானபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆறு வயதுத் தங்கை பள்ளியிலிருந்து நின்றாள். பதினான்கு வயது அண்ணன் எட்டாவதை முடித்தார். அதன்பிறகு அவளுக்கு எது நல்லது என்று முடிவுசெய்வது தன் பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளும் அதை அவரிடமே விட்டுவிட்டாள்.

நீச்சல் வகுப்பில் இருந்தவர்களை ஒருநாள் ஏரிக்கு அழைத்துப்போனார்கள். அங்கே கயாக் ஒன்றில் அவளை உட்காரவைத்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் பட்டை வைத்த துடுப்பால் ஓட்டுகிற ஒற்றை ஆள் படகு அது. அன்று சாயங்காலம் ஈரத் தலையோடு நேரே தையற்கடைக்கு வந்தாள்.

"அண்ணா, எனக்கு ஒரு கயாக் வேணும்."

பெயர் சொல்லி அவள் ஒரு பொருளைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதுக்கு பாப்பா?"

"அதுல ஏறினா யாரும் கூட வரவேண்டாம்ணா. அந்தக் கரை வரைக்கும் நானே போயிட்டு வந்துடலாம்."

வாங்கித் தருவதென்று அவர் அந்த நிமிடமே முடிவுசெய்துவிட்டார். யாரும் கூட வரவேண்டாம் என்றதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் மூன்று படகுகளைத் தரையில் இறக்கிவைத்தார்கள். ஒடுங்கிய சிவப்புப் படகில் அவள் உட்கார்ந்ததும் இடுப்பின் இரண்டு பக்கமும் ஓரத்தில் பட்டன, முழங்கால்கள் மேல்தட்டின் அடியில் பதிந்தன. மெல்ல அசைந்து பார்த்தாள். படகும் அசைந்தது.

"இது என்னோடயே அசையுதுண்ணா."

அண்ணன் நாடாவை எடுத்தார். பக்கத்துக்கு அரை அங்குலம்கூட இல்லை. மூச்சுவிடவே இடமில்லையே என்றார். இறுக்கமாக இருந்தால்தான் படகு சொன்ன பேச்சு கேட்கும் என்று கடைக்காரர் எடுத்துச் சொன்னார். முப்பது வருடமாக அளவெடுக்கிறவரிடம் அளவு பற்றிப் பேசுகிறாரே என்று அண்ணனுக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அகலமான பச்சைப் படகில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் இடம் இருந்தது. கவிழவும் கவிழாது, நாளைக்கு உடம்பு போட்டாலும் கவலையில்லை என்று அதையே எடுத்தார். அவள் சிவப்புப் படகின் மூக்கை ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா சரிதான்" என்றாள்.

பச்சைப் படகு கவிழவில்லைதான். உருப்படியாக அது செய்தது அவ்வளவே. பெரிய டப்பாவில் போட்ட ஒற்றைப் பொத்தானைப்போல அவள் உள்ளே இங்குமங்கும் நழுவினாள். அகலம் அதிகம் என்பதால் கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தூக்கித்தான் துடுப்புப் போடவேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் அளந்த அண்ணன் அந்தப் படகைத் தூக்கிப் பார்க்கவில்லை. முப்பத்தொரு கிலோ. கழகத்தின் கொட்டகையிலிருந்து தண்ணீருக்கு எண்பது அடி தூரம். தூக்க இன்னோர் ஆள் வேண்டும், அந்த ஆள் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தால் படகு இறங்கும். தைக்கக் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கும் மாதங்களில் அவர் வரமுடியவில்லை. அடுத்த வாரம் பாப்பா என்பார். சரிண்ணா, வேலையைப் பாருங்க என்பாள். ஆனாலும் அவள் மட்டும் கழகத்துக்குப் போய்வந்தாள். சும்மா தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டாவது வருடம் அவள் வலது தோள் வீங்கியது. நான்கு மாதம் துடுப்பைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அக்கரையை அவள் அதுவரை ஒருதடவைகூடத் தொடவில்லை.

தோள் ஆறும்வரை சும்மா கிடக்கிறதே என்று படகின் தூசியைத் துடைக்க அண்ணன் தனியாகப் போனார். கழகத்தின் பயிற்சியாளர் அம்மா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒருதடவை நீங்களே உட்கார்ந்து பாருங்கள் என்றார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். இடுப்பு இரண்டு பக்கமும் பட்டது. முழங்கால் பதிந்தது. அசைந்தார், படகும் அசைந்தது.

"பிரமாதமா பொருந்துது சார். உங்களுக்குன்னே அளவெடுத்த மாதிரி."

கொட்டகை வாசலில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எழுந்திருக்கத்தான் வெகுநேரமானது. இடுப்பு மாட்டிக்கொண்டது ஒரு காரணம்.

வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. நீ அன்னைக்கே சொன்ன."

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "ஒரு தடவதானே சொன்னேன். ரெண்டாவது தடவையும் சொல்லியிருக்கணும். எனக்கு அது பழக்கமில்லண்ணா."

திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

தோள் சரியானதும் கழகத்தில் விலைக்கு வந்த பழைய படகுகளை அவளே பார்த்தாள். உட்காருவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தோளில் வைத்துக்கொண்டு கழக வாசல்வரை நடந்து திரும்பினாள். இரண்டு படகுகள் அந்த நடையிலேயே கழிந்தன. மிச்சம் இரண்டையும் தண்ணீரில் இறக்கி, ஓரம் நனைகிற அளவுக்குச் சாய்ந்து பார்த்தாள். அண்ணன் கரையில் நின்றார். கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்திருந்த நாடாவை விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் ஒருதடவைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் அவர் விரும்பி வந்திருந்தார், ஆனாலும் வலித்தது. அடியெல்லாம் கீறல் விழுந்த மஞ்சள் படகொன்றை, "இது" என்று சொல்லி அவள் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

கழக அறையில் பயிற்சியாளர் அம்மா படகை வாங்குவதற்கான படிவத்தை நீட்டினார். அண்ணன் பழக்கத்தில் பேனாவைத் திறந்தார். அதுவரை எந்தத் தாளானாலும் அவள் கட்டைவிரல் வைப்பாள், சாட்சியாக அவர் கையெழுத்துப் போடுவார். மை எங்கே என்று அவர் மேசையைத் தேடினார். தங்கை அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இந்த மேசையிலதான் சார் எழுதிப் பழகினாங்க" என்றார் அந்த அம்மா. "நீங்க வராத ஞாயிற்றுக்கிழமையெல்லாம். நீங்க வர்றீங்களான்னு வாசலைப் பாத்துக்கிட்டே."

நாற்பது வருடமாக ஒரே வீடு. பேனாவும் அவர் சட்டைப் பையிலேதான் இருந்தது. அதை அவள் கையில் கொடுத்துப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவள் ஒவ்வோர் எழுத்தாக, மேல்நோக்கிக் கொஞ்சம் ஏறிப்போகும் வரியில், தன் பெயரை எழுதி முடித்தாள். தேதியைக் கேட்டு அதையும் அவளே போட்டாள்: பதினேழு, மூன்று, இரண்டாயிரத்துப் பத்தொன்பது.